அத்தியாயம் 5: வேரோடு எடுத்தல்

விதையிட்டு வளர்த்த கன்றின் தண்டு ஒரு கைப்பிடிப் பருமனை எட்டுவதற்கே பல ஆண்டுகள் செல்லும். தொடக்கமுதல் தொட்டியிலேயே அடைபட்டு வளர்ந்தால் அதனினும் நெடுங்காலம் ஆகும். ஆகையால், ஆடுமாடுகளின் வாயாலும், கோடைதோறும் வந்துபோகும் வறட்சியாலும், வேலியடைப்பவன் அரிவாளாலும், கல்லிடுக்கின் நெருக்கத்தாலும் இயற்கையே குறுக்கி வைத்த ஒரு முதிய மரத்தைக் கண்டெடுத்துத் தொட்டிக்குப் பழக்குவது, குறுமரக் கலையில் ஈடுபட்டவர்களுக்கு எக்காலத்தும் பெருவிருப்பமான காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. ஜப்பானியர் இம்முறையில் கிடைத்த மரத்தை யமதோரி என்று அழைத்து, அதற்குத் தனி மதிப்பளிப்பர். சிக்கோக்குத் தீவில் 1,982 மீட்டர் உயரமுள்ள இஷிஸுச்சி மலையின் செங்குத்துப் பாறைகளில், இடுப்பிலே கயிறு கட்டித் தொங்கி, உயிரைப் பணயம் வைத்துச் சிம்பாக்கு என்னும் ஜூனிப்பர் மரங்களை அவர்கள் சேகரித்தார்கள். அவ்வாறு வந்த மரங்களின் முறுக்கும் வெளுத்த கட்டையும் உலகத்தாரை வியக்க வைத்தன என்பது உண்மை. எடுக்க எடுக்க அம்மலைகளில் நல்ல மரமே அரிதாகிப்போய், இன்று சிம்பாக்கைப் பெரும்பாலும் போத்து நட்டு வளர்க்க வேண்டிய நிலை வந்ததும் அவ்வளவுக்கு உண்மை. இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டே இவ்வத்தியாயத்தைத் தொடங்குகிறோம்.

காட்டு மரத்தைக் காண்பவன் கண் முதலில் தண்டின்மேல் விழுகிறது. அதன் பருமனும் வளைவும் பட்டையின் வெடிப்பும் அவனை மயக்கிவிடுகின்றன. ஆனால் அந்த மரம் நம் வீட்டு முற்றத்தில் அடுத்த ஆண்டும் உயிரோடு நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது தண்டு அன்று. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் சல்லிவேர்களே. பருத்த வேர்கள் மரத்தை ஊன்றி நிறுத்தும். உணவைச் சேமித்து வைக்கும். நீரை உறிஞ்சித் தரும் வேலையோ மிகப் பெரும்பாலும் இளவேர்களின் நுனிக்கும் அவற்றிலுள்ள மென்மையான வேர்த்தூவிகளுக்குமே உரியது. திறந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இந்த நுனிகள் தண்டின் அருகில் இருப்பதில்லை. ஈரத்தைத் தேடிப் பல முழ தூரம் ஓடியிருக்கும். எனவே, அவசரமாகக் குழி பறித்து மரத்தைப் பெயர்ப்பவன், ஊன்றுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வாயை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறான். இடத்தைத் தெரிவதும், பருவம் பார்ப்பதும், தோண்டும் முறையும், நட்டபின் காக்கும் காவலும் ஆகிய எல்லாம், சல்லிவேரைக் கூடியமட்டும் காப்பாற்றுவது, இயலாதபோது புதிய சல்லிவேர் தோன்றும்வரை மரத்தை உயிரோடு வைத்திருப்பது என்ற இரண்டு நோக்கங்களிலிருந்தே பிறக்கின்றன.

இடமும் அனுமதியும்

காடு என்றவுடன் மண்வெட்டியோடு மலையேறிவிடக் கூடாது. காப்புக்காடுகளில் மரஞ்செடிகளை வெட்டுவதையும் எடுப்பதையும் 1882ஆம் ஆண்டின் வனச்சட்டமே தடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில தாவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பும் அளிக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளிலோ, நிலம் சொந்தப் பட்டாவாகவே இருந்தாலும், மரத்தை வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். சந்தன மரத்தின் பக்கமே போக வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பெம்பிஸ் என்னும் கடற்கரைச் செடி வளர்கிறது. குறுமரக்காரர்கள் உலகெங்கும் ஆசைப்படும் செடி அது. ஆயினும் அத்தீவுகள் தேசியப் பூங்காவாதலால், அங்கே கைவைப்பது குற்றம். கோயிற்காடுகளைப் பொறுத்தவரை சட்டத்தைக் கேட்கவும் தேவையில்லை. ஒரு சுள்ளியையும் வெளியே கொண்டுபோகாத ஊராரின் நம்பிக்கையே போதுமான வேலி.

அப்படியானால் எங்கே தேடுவது? எவ்விதமும் அழியப்போகும் மரத்தைத் தேடுவதே உத்தமம். இடிக்கப்படும் பழைய வீட்டின் சுவர், முள்கம்பி போடுவதற்காகப் பிடுங்கப்படும் உயிர்வேலி, மனைகளாகப் பிரிக்கப்படும் தோட்டம், உழவுக்காகத் திருத்தப்படும் மேட்டாங்காடு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு சிறு களஞ்சியம். அங்கே நாம் எடுக்காவிட்டால் அடுப்புக்கோ இயந்திரத்தின் பல்லுக்கோ இரையாகும் மரங்கள் நிற்கின்றன. நில உரிமையாளரை முன்கூட்டியே கண்டு, எந்த மரம், எந்த நாள், எவ்வளவு குழி என்பதைச் சொல்லி, கூடுமானால் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்வது நலம். கிளைகளில் குருவிக்கூடு இருந்தால் அந்த மரத்தை அப்பருவத்தில் விட்டுவிட வேண்டும். எடுத்தபின் குழியை மூடி மிதித்துவிட்டு வருவது மரியாதை மட்டுமன்று. மேயும் மாட்டின் கால் முறியாமல் காப்பதுமாகும்.

மரத்தின் சுபாவம்

எடுக்கப்படும் இன்னலைத் தாங்கும் திறத்தை வைத்து நம் நாட்டு மரங்களை மூன்று வகுப்பாகப் பிரித்துக்கொள்வது அனுபவத்துக்கு உதவும்.

முதல் வகுப்பு ஆலினம்: ஆல், அரசு, அத்தி, இச்சி. சல்லிவேர் ஒன்றும் வராவிட்டாலும், உயிருள்ள மொட்டைக் கட்டையிலிருந்தே வேர்விடும் வல்லமை இவற்றுள் பலவற்றுக்கு உண்டு; ஆலும் இச்சியும் இதில் முன்னிற்பவை. கிளுவையையும் இதே வகுப்பில் சேர்க்கலாம். பழகுபவன் இவற்றிலேயே கைவைத்துப் பழக வேண்டும்.

இரண்டாம் வகுப்பு, ஓரளவு சல்லிவேர் வந்தால் பிழைப்பவை: கொடுக்காப்புளி, காகிதப்பூ, மருதாணி, களா, குரங்கு வெற்றிலை. இவற்றுள் குரங்கு வெற்றிலை தனியே குறிப்பிடத் தக்கது. சிற்றிலையும் வெண்பூவும் செம்பழமும் உடைய இப்புதர், ஆடுகள் நாள்தோறும் கறித்துக் கறித்து, முழங்கால் உயரத்துக்குமேல் எழும்ப முடியாமல், அடித்தண்டு மட்டும் முறுகிப் பருத்து நிற்பதைக் கரட்டு நிலங்களில் காணலாம். தேர்ந்த கலைஞன் கத்தரியால் செய்வதை ஆட்டுமந்தை கூலியில்லாமல் செய்து வைத்திருக்கிறது.

மூன்றாம் வகுப்பு, ஆழ்ந்த ஆணிவேரை நம்பி வாழ்பவை: புளி, விளா, உசிலை, வேலமர இனங்கள், விராலி. இவற்றை ஒரே மூச்சில் பெயர்ப்பது பெரும்பாலும் மரத்தைக் கொல்வதாகவே முடியும். இவற்றுக்குரிய இருமுறைத் தோண்டலைப் பின்னர்க் கூறுவோம்.

வகுப்பை அறிந்தபின் உருவத்தைப் பார்க்க வேண்டும். முதலில் தண்டின் அடியில் மண்ணை விரலால் விலக்கி, வேர்கள் சுற்றிலும் பரவி இறங்குகின்றனவா, ஒரு பக்கம் மட்டும் ஓடுகின்றனவா என்று காண்க. மேலே எத்தனை அழகிருப்பினும், அடியில் கம்புபோல் நேரே இறங்கும் மரத்தை மிகுந்த ஆலோசனைக்குப் பிறகே எடுக்கலாம். அடுத்து, தண்டு அடியில் பருத்து மேலே மேலே ஒடுங்குகிறதா என்பது. முடிந்த மரத்தின் உயரம் அடித்தண்டின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருப்பது கண்ணுக்கு இசைவானது என்பது கலைஞர் வழக்கு. நாலங்குல விட்டமுள்ள தண்டுக்கு இருபத்துநாலு அங்குல உயரம் போதும் என்று இதனால் விளங்கும். பத்தடி மரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அதன் கீழ்ப்பகுதி மட்டுமே நமக்கு வேண்டுவது. எனினும், இறுதி உயரத்தில் வெட்டாமல் அதற்கும் கீழே, பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெட்டி, மேற்பகுதியைப் புதுக்கிளையிலிருந்து வளர்த்தெடுத்தால்தான் ஒடுக்கம் இயல்பாக அமையும்.

பருவம்

ஆலினத்துக்கு வெப்பமும் ஈரக்காற்றும் ஒருங்கே வேண்டும். ஆடி முதல் புரட்டாசி வரையுள்ள காலம் இதற்கு ஏற்றது. மண் சூடாக இருக்கும், வானம் மூட்டமிடத் தொடங்கும், ஐப்பசி அடைமழை வருமுன் புதுவேர் பிடித்துக்கொள்ளும். மழை தொடங்கியபின் எடுத்தால், வெட்டுப்பட்ட வேர்கள் ஆறுமுன்னே ஓயாத நனைப்பில் அழுகும் அபாயம் உண்டு. மார்கழி, தை மாதக் குளிர், வேர்விடுதலை மந்தமாக்கும். இலையுதிர்க்கும் மரங்களை, உதிர்த்து முடித்துத் துளிர்மொட்டு பருக்கத் தொடங்கும் நாளில் எடுக்கலாம். மாசி, பங்குனியில் பல மரங்கள் இந்நிலையில் இருக்கும். அப்பொழுது தண்டில் உணவு நிறைந்திருக்கும், நீரை ஆவியாக்கும் இலையும் இராது. ஆனால் அதன்பின் கத்திரி வெயில் காத்திருக்கிறது என்பதை மறவாமல், நிழலும் நீர்த்தெளிப்பும் உறுதியாக உள்ளவன் மட்டுமே அக்காலத்தில் கைவைக்கலாம்.

பொதுவாகத் தோண்டும் முறை

கடப்பாரை, மண்வெட்டி, கைவாள், கிளை வெட்டும் கத்தரி, உளி, சுத்தி, ஈரச்சாக்கு, சணற்கயிறு, பெரிய பாலித்தீன் பைகள், ஒரு குடம் தண்ணீர் ஆகிய இவ்வளவும் இருந்தால் போதும். முந்தின நாள் மாலையில் மரத்தடியை நன்றாக நனைத்து வைத்தால், மண் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். முதலில் வேண்டாத கிளைகளைக் கழித்துவிட்டு, தண்டிலிருந்து அதன் விட்டத்தைப்போல் நாலைந்து மடங்கு தள்ளி வட்டமாகப் பள்ளம் பறிக்க வேண்டும். பள்ளத்தில் எதிர்ப்படும் பருத்த வேர்களைக் கடப்பாரையால் குத்திக் கிழிக்காமல், வாளால் அறுத்து, வெட்டுவாயைக் கூர்ந்த கத்தியால் மழித்துவிட வேண்டும். கிழிந்த வாய் அழுகும், மழித்த வாயில் புதுவேர் சுற்றிலும் முளைக்கும். பிறகு அடியைக் குடைந்து மரத்தைச் சாய்த்து, ஆணிவேரை அறுத்து, மண்பந்தோடு தூக்கி, நொடியும் தாமதியாமல் ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிவிட வேண்டும். வெயிலும் காற்றும் பட்ட சல்லிவேர் சில நிமிஷங்களில் வாடிவிடும் என்பதால், பேச்சும் படம் பிடித்தலும் சாக்குக் கட்டியபின் இருக்கட்டும். வண்டியில் கொண்டுவரும்போது காற்று வீசாதபடி மூடுவதும் அவசியம்.

மூன்றாம் வகுப்பு மரங்களுக்கு இதையே இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். முதலாண்டு, வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் பள்ளம் பறித்து, வேர்களை அறுத்து, மணலும் மட்கும் கலந்து நிரப்பி, கோடையில் அவ்வப்போது நீரூற்றி வைக்க வேண்டும். அறுபட்ட வாய்களில், தண்டுக்கு அருகிலேயே, புதிய சல்லிவேர்கள் கொத்தாக எழும். மறுபாதியை அடுத்த ஆண்டு அவ்வாறே செய்து, இருபுறமும் வேர் நிறைந்தபின் எடுத்தால், ஆணிவேரை இழந்தும் மரம் பிழைத்திருக்க வழியுண்டு.

வேலிக்கட்டையும் சுவர் இச்சியும்

காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலி நிற்பதைப் பலரும் கண்டிருக்கலாம். போத்துகளை நெருக்கமாக ஊன்றி வளர்த்த வேலி அது. ஆண்டுதோறும் கவைகளை ஒதுக்கியும் வெட்டியும் வருவதால், தலை குட்டையாகவும் அடி பருமனாகவும் இருக்கும். வேலி பிரிக்கும் இடத்தில் நின்று, கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், நெருக்கடியில் ஒன்றோடொன்று உராய்ந்து சப்பையாகிப் போனவை, பக்கத்துக் கட்டையைத் தழுவி வளைந்தவை, பழைய வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை உதடுபோல் மடிந்து மூடியவை என்று விதவிதமாகக் கிடைக்கும். கிளுவைக்கு நீர் மிகுதியே பகை. பிடுங்கிய கட்டையின் வெட்டுவாயை நிழலில் சில நாள் உலரவிட்டு, பிசின் இறுகியபின், கற்பாங்கான கலவையில் நட்டு, துளிர் காணும்வரை நீரைச் சிக்கனமாகவே ஊற்ற வேண்டும்.

சுவரில் முளைத்த இச்சியின் கதை வேறு. பழந்தின்ற பறவையின் எச்சத்தில் வந்த விதை, பழைய வீட்டின் கைப்பிடிச்சுவரில் காரை பெயர்ந்த விரிசலில் விழுந்து, சுண்ணாம்புக் காரையைத் தின்று வளர்வதுபோல் வேரைச் செங்கல் இடுக்குகளில் செலுத்துகிறது. வெளியே தெரியும் வேர்கள் சுவரோடு அப்பிச் சப்பட்டையாக, கல்லின் விளிம்பு வந்த இடத்தில் முழங்கைபோல் மடங்கி இறங்கும். இவ்வழகை எந்தத் தொட்டியிலும் உண்டாக்க முடியாது. இதை எடுப்பவன் தண்டைப் பிடித்து இழுக்கலாகாது. இழுத்தால் தோல் உரிந்த வேர்தான் கையில் வரும். மேல்வரிசைச் செங்கலின் காரையை உளியால் சுரண்டி, கல்லை அசைத்து எடுத்து, அடியில் பாயாக விரிந்திருக்கும் சல்லிவேரைக் கண்டபின், அது பிடித்திருக்கும் காரைத் துண்டோடு அப்படியே எடுத்துக்கொள்க. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைப் பிடுங்கித் தூய்மை செய்யும் வேலை பிறகு ஆகட்டும். ஆழத்தில் போய்விட்ட வேரை வாளால் அறுத்துவிடலாம். வெட்டிய இடமெல்லாம் பால் வடியும்; நீரால் கழுவி நிழலில் விட்டால் தானே நிற்கும். அந்தப் பால் கண்ணில் படாமலும் தோலில் உலராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருக்கும் வீட்டுச் சுவரிலும், கிணற்றின் உட்சுவரிலும், கோபுரத்திலும் இவ்வேலையில் இறங்க வேண்டாம்: முதலிரண்டில் ஆளுக்கு ஆபத்து, மூன்றாவதில், ஆப்புபோல் இறங்கிய வேரை அசைத்தால் சிற்பமே பெயர்ந்துவிடும், அது அறிந்தவர்கள் அனுமதியோடு செய்யவேண்டிய பணி.

நடுதலும் காவலும்

கொண்டுவந்த மரத்தை நேரே அழகிய தட்டுத் தொட்டியில் வைப்பது, நோயாளிக்குக் கலியாண உடை உடுத்துவது போன்றது. முதல் இரண்டு மூன்றாண்டுகள் அதற்கு ஆழமும் அகலமும் உள்ள மண்தொட்டியோ மரப்பெட்டியோ வேண்டும், அடியில் நீர் வடியும் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். கலவைக்குச் செங்கல் ஜல்லியை மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவில் உடைத்து, தூளைச் சலித்துப் போக்கி, மூன்று பங்கு எடுத்துக்கொள்க. பருமணல் இரண்டு பங்கும், மட்கிய இலையுரமோ கழுவிய தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கும் சேர்க்க. தூள் நிறைந்த தோட்ட மண் நீரைத் தேக்கிக் காற்றை மறிக்கும். காற்று இல்லாத இடத்தில் புண்பட்ட வேர் புதுநுனி விடாது. வேர்களுக்கிடையே கலவையைக் குச்சியால் மெல்லக் குத்தி இறக்கி, வெற்றிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும். நட்டபின் மரத்தைத் தொட்டியோடு கயிற்றாலோ கம்பியாலோ அசையாதபடி இறுக்கிக் கட்டுவது மிகப் பிரதானம். காற்றில் தண்டு ஆடுந்தோறும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அரும்பும் நூல்வேர்கள் அறுந்துகொண்டேயிருக்கும்.

தண்டின் பெரிய வெட்டுகளுக்குப் போர்டோ பசை நல்ல காப்பு. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பின்பு ஒன்றுசேர்த்துக் கலக்கினால் பசை கிடைக்கும். துலக்கிய இரும்பு ஆணியை அதில் சற்றுநேரம் வைத்துப் பார்க்க. செம்புநிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். முருங்கைப் போத்தின் தலையில் சாணி அப்பும் நம் குடியானவர் வழக்கமும், வெட்டுவாய் உலராமல் காப்பதற்கே ஏற்பட்டது.

பிறகு நிழல், காற்றடக்கம், ஈரக்காற்று. ஆலினத்தைப் பாலித்தீன் பையால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்து, உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பார்த்து வரலாம். மண்ணை நனைத்துக்கொண்டேயிருப்பதைவிட, தண்டின்மேல் நாளைக்குப் பலமுறை நீர் தெளிப்பது மேல். மண்ணின் மேற்பரப்பு சற்று உலரத் தொடங்கியபின் ஊற்றுவதே முறை. உரம் இக்காலத்தில் கூடவே கூடாது. உறிஞ்ச வேரில்லாத மரத்துக்கு அது மருந்தாகாது, இருக்கும் நுனியையும் எரித்துவிடும்.

பிழைத்ததன் அடையாளம்

சில வாரங்களில் தண்டெங்கும் தளிர் பொங்கிவரும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அம்முதல் தளிர் வேரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. தண்டில் சேர்ந்திருந்த பழைய முதலைச் செலவழித்தே மரம் அதைப் பிறப்பித்திருக்கலாம். பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, பையைக் கழற்றி வெயிலில் வைத்து, கம்பி சுற்றவும் தொடங்கினால், ஒரே நாளில் தளிர் தொங்கிப்போகும். தண்டில் மறு தளிருக்கு முதல் இராது. ஆகவே, முதல் தளிர் முற்றி, இலை தடித்து, அதன்மேல் இரண்டாம் முறை கொழுந்து ஓடும்வரை காத்திருக்க வேண்டும். நடுப்பகலிலும் இலை துவளாமல் நிற்பது ஓர் அடையாளம். தொட்டியின் அடித்துளையில் வெண்ணிற வேர்நுனி தெரிவது ஐயத்துக்கிடமில்லாத அடையாளம். தண்டை அசைத்துப் பார்ப்பது பரீட்சையன்று, கொலை. இரண்டாம் கொழுந்து ஓடியபின் பையைச் சிறிது சிறிதாகத் திறந்து, இளவெயிலுக்குப் பழக்கி, நீர்த்த உரத்தை ஆரம்பிக்கலாம். கிளைகளை முதலாண்டில் வெட்டவே வேண்டாம். மேலே தழை மிகுந்தால்தான் கீழே வேர் மிகும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்கி, எடுத்த இடம், திங்கள், அப்பொழுது வேர் இருந்த நிலை, கலவையின் அளவு, இரண்டாம் கொழுந்து கண்ட நாள், இறந்ததாயின் தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் காய்ந்திருந்ததா அழுகியிருந்ததா என்பவற்றை எழுதி வருக. காய்ந்திருந்தால் காவலில் குறை. அழுகியிருந்தால் கலவையிலோ நீரிலோ குறை. இரண்டுமின்றிப் பழைய வேர் அப்படியே இருந்தால் பருவத்தில் குறை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சில பருவங்களுக்குள் அந்த ஏடே, எந்த நூலையும்விட உங்கள் ஊர் மண்ணுக்கும் வானத்துக்கும் பொருந்திய ஆசிரியனாகிவிடும்.

கடைசியாக, எத்தனை மரம் எடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. முதலாண்டில் ஆலினத்தில் ஒன்றோ இரண்டோ. அவை இரண்டாம் கொழுந்து ஓடி ஒரு கோடையைக் கடந்தபின் இரண்டாம் வகுப்பில் ஒன்று. மூன்றாம் வகுப்பைத் தொடுவது அதற்கும் பின்னர். சென்ற ஆண்டு எடுத்ததில் செத்தது எத்தனை, நிற்பது எத்தனை என்று குறிப்பேட்டைத் திறந்து உடனே சொல்ல முடியாதவன், இவ்வாண்டு கடப்பாரையைத் தொடாமல் இருப்பதே மரங்களுக்கும் அவனுக்கும் நல்லது.